இடது கம்பி

போடியில் ஜக்கையன் வீட்டுக்கு வழி கேட்டால் எந்த ஆட்டோக்காரரும் முதலில் சிரிப்பார். "செயின் வண்டி வச்சிருக்காரே, அவரா?" என்பார். பிறகுதான் வழி சொல்வார். குரங்கணி ரோட்டில் ஊர் முடிந்து மாந்தோப்புகள் தொடங்கும் இடத்தில் முக்கால் ஏக்கர் சரிவு நிலம், அவருடைய மாந்தோப்பும் அதில்தான். மேல் தலைப்பில் வீடு, வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளுக்கெல்லாம் முப்பது வருசத்துக்கு மேல் வைத்தியம் பார்த்த கொட்டகை அது. வண்டி ரோட்டில் வரும் சத்தத்தை வைத்தே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற மனுசர். அப்படிப்பட்டவர் போன தை மாதம் வேலையையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, ஒரு லாரி நிறையத் துருவைக் கொண்டுவந்து இறக்கினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

அது ஒரு பழைய செயின் டிராக்டர். டயர் கிடையாது. இரண்டு பக்கமும் இரும்புச் சங்கிலிப் பட்டை சுற்றி ஓடும். முன்னால் மண் தள்ளுகிற தகடு. மலை மேல் ஒரு எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால் நாற்பது வருசத்துக்கும் மேலாகக் கிடந்தது. எஸ்டேட் கைமாறியபோது பழைய இரும்புக்காரன் வெட்டி எடுத்துப்போக இருந்தான். ஜக்கையன் முந்திக்கொண்டார்.

"ஊர்ல அவனவன் இந்த வயசுல காசிக்குப் போறான். நீங்க காயலான் கடைக்குப் போயிருக்கீக" என்றாள் சுருளியம்மாள். அவர் மனைவி. வாய்தான் அப்படி. லாரியிலிருந்து வண்டியை இறக்கும்போது கொட்டகைக் கதவைக் கழற்றி வைத்து வழி பண்ணியதும் அவள்தான். எதற்காக அந்த இரும்பு வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

அதை ஓட்டியவர் ஜக்கையனின் அப்பா கன்னையன். ராசிங்காபுரத்துக் காடுகளில் மேடு தட்டிச் சமன் செய்கிற வேலையில் செயின் வண்டி பழகியவர். அங்கே எல்லாம் தட்டுத்தரை. எஸ்டேட்டில் ஜீப்பு ரோடு வெட்ட ஆள் தேடியபோது அவரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கூடவே, வண்டிக்கு முன்னால் நடந்து விளிம்பு பார்த்துச் சொல்ல, தன் மச்சினன் பெரியகருப்பனையும் அவர் அழைத்துப் போனார். மனைவியின் தம்பி. இருவரும் ஒரே தட்டில் சோறு தின்கிற சிநேகிதம்.

நாற்பத்து மூன்று வருசத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தகட்டைத் தூக்கிக்கொண்டு வண்டி சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் வெட்டிய மண்சுவர். பெரியகருப்பன் சுவரை ஒட்டி நடந்தார். வண்டி கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்குவது போலிருக்க, "எடது! எடது!" என்று கத்தினார். வண்டி நன்றாகவே வலது பக்கம் திரும்பி அவரைச் சுவரோடு சேர்த்தது. வலது காலை முழங்காலுக்கு மேலேயே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

இந்த வண்டிக்கு வட்ட ஸ்டீயரிங் இல்லை. உட்காருகிற இடத்துக்கு முன்னால் இரண்டு கம்பிகள். இடது கம்பியை இழுத்தால் இடது பக்கம் திரும்பும், வலதை இழுத்தால் வலது. அவ்வளவுதான் கணக்கு. வண்டி வலது பக்கம் போயிருக்கிறது, ஆக ஓட்டியவன் வலதைத்தான் இழுத்திருக்கிறான். முந்தின நாள் சம்பள நாள் வேறு. கன்னையன் சனிக்கிழமை சாயங்காலம் கொஞ்சம் போடுவார் என்பது ஊருக்கே தெரியும். தெளியாமலேயே வண்டி ஏறிவிட்டான் என்று எஸ்டேட் சொன்னது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த பெரியகருப்பனும் அதையே சொன்னார். கன்னையன் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்.

"நான் எடது கம்பியத்தான் இழுத்தேன்."

கேட்டவனெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவர் எந்த வண்டியிலும் ஏறவில்லை. போடியில் ஒரு கடையில் ஏலக்காய் சலிக்கிற வேலைக்குப் போனார். அந்த வாக்கியத்தை மட்டும் விடவில்லை. சோறு தின்னும்போது சொல்வார், சவரம் பண்ணும்போது சொல்வார். ஜக்கையனுக்கு இருபது வயதானபோது, அக்காள் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் தாய்மாமன் வந்து நிற்காத கோபமெல்லாம் சேர்ந்து, ஒரு நாள் அப்பாவின் முகத்துக்கு நேரே, "பொய் சொல்றத நிறுத்துப்பா. கேட்கவே அசிங்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டான். கன்னையன் மகனைப் பார்த்தார். பிறகு சாகும்வரை அதைச் சொல்லவில்லை.

அவர் செத்து இருபத்திரண்டு வருசம் ஆகிறது. புருசன் செத்தால் பொம்பளைக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வரவேண்டும். கூடப் பிறந்தவன் கொண்டுவந்து போடவேண்டும். ஜக்கையனின் அம்மா மாயக்காள் வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். ராசிங்காபுரத்துக்கும் போடிக்கும் எவ்வளவு தூரம்? பெரியகருப்பன் வரவில்லை. பங்காளி வீட்டுக்காரி ஒருத்தி ஒரு சேலையைக் கொண்டுவந்து ஒப்புக்குப் போட்டுவிட்டுப் போனாள்.

மாயக்காள் யாரையும் ஏசியதில்லை. எப்போதாவது யாராவது பேச்சைக் கிளப்பினால் ஒன்று சொல்வாள். "எம் புருசனும் பொய் சொல்ல மாட்டாரு. எந் தம்பியும் பொய் சொல்ல மாட்டான்." ஜக்கையனுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஒரு வண்டி, ஒரு பக்கம்தானே திரும்பமுடியும்? ரெண்டு பேரும் எப்படி உண்மை சொல்ல முடியும்? இந்த மண்டைக் குடைச்சல் அவரை விட்டுப் போகவேயில்லை. வண்டி இன்னும் ஸ்டோருக்குப் பின்னால் கிடக்கிறது என்று ஒரு ஜீப்பு டிரைவர் சொன்னபோது, அவருக்கு இருந்த ஒரே யோசனை இதுதான்: பிரித்துப் பார்த்துவிடுவது. கோளாறு வண்டியில் இருந்திருந்தால் இரும்பு சொல்லிவிடும்.

எண்பதைத் தொடுகிற மாயக்காள் தினமும் கொட்டகை வாசலுக்கு வந்து நிற்பாள். "என்னப்பு, ஆப்ட்டுச்சா?"

"இன்னும் இல்ல ஆத்தா."

எப்படி ஆப்பிடும்? காற்று வடிகட்டியைத் திறந்தால் எலி குட்டி போட்டு வளர்த்த கூடு. டீசல் தொட்டிக்குள் பாதிக்கு ஏலக்காய்த் தொலி. இன்ஜின் கல்லாக இறுகிக் கிடந்தது. எண்ணெய் பீச்சும் நாசில்களைக் கழற்றி, அந்தத் துளைகள் வழியாக டீசலை ஊற்றி ஒரு மாதம் ஊறப்போட்டார். சங்கிலிக் கண்ணிகளைக் கோக்கும் பின்னுகளை நெருப்பில் காய்ச்சிக் காய்ச்சி அடித்தார். உடைந்ததற்கெல்லாம் பஜாரில் லேத்து போட்டிருக்கும் அழகுராஜா புதுசு கடைந்து கொடுத்தான். "அண்ணே, கோயிலுக்குத் தேர் செய்றீகளா? வடம் பிடிக்க ஆள் சொல்லிவிடுங்க" என்று கேலி வேறு.

நாலாவது மாதம், பின்னாலிருக்கும் பெட்டியைத் திறந்தார். அதற்குள்தான் விசயம். ஒவ்வொரு சங்கிலிக்கும் ஒரு கிளட்ச். கம்பியை இழுத்தால் அந்தப் பக்கத்துச் சங்கிலி இன்ஜினிலிருந்து விடுபடும். இடது கிளட்ச்சின் தட்டுகள் துருவால் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.  ஆப்ட்டுருச்சு என்று சத்தம் போடப் போனவர், வலது பெட்டியையும் திறந்து பார்த்தார். அதுவும் அதே மாதிரி ஒட்டியிருந்தது. மழையில் கிடந்த துரு. அன்றைக்கே ஒட்டியிருந்ததா, கிடந்து கிடந்து ஒட்டியதா, யார் சொல்வது? சரி, அன்றைக்கே இடது ஒட்டியிருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் கம்பியை இழுத்தாலும் வண்டி நேராகத்தானே போகும்? வலது பக்கம் ஏன் போனது? கம்பிகளின் கீழே ஓடும் இணைப்புத் தண்டுகளைப் பார்த்தார். மாறியிருக்கவில்லை. பிரேக் பட்டைகளைப் பார்த்தார். இரண்டும் ஒரே தேய்மானம். எல்லாவற்றையும் கழற்றித் தரையில் சாக்கு விரித்துப் பரப்பிவைத்து, நடுவில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு காப்பி ஆறும்வரை பார்த்தபடியே இருந்தார். ஒன்றும் பிடிபடவில்லை. துருவைத் தேய்த்தெடுத்து மறுபடி பூட்டினார். சந்தேகம் வந்து மறுபடி கழற்றினார்.

"பூட்டுறதும் கழட்டுறதுமா இருக்கீக. அது என்ன, சாமிக்கு அலங்காரமா?" என்றாள் சுருளியம்மாள்.

சித்திரைக் கடைசியில் வண்டி உயிர் பிடித்தது. கொட்டகை முழுக்கக் கரும்புகை. சுருளியம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜக்கையன் வண்டியை வீட்டுக்கு முன்னால் இருக்கிற தட்டுத்தரைக்குக் கொண்டுவந்தார். இடது கம்பியை இழுத்தார். வண்டி இடது பக்கம் திரும்பியது. வலதை இழுத்தார், வலது. பத்துத் தடவை பார்த்தார். வண்டி தங்கமாக இருந்தது.

இன்ஜினை அணைத்துவிட்டு மேலேயே உட்கார்ந்திருந்தார். வண்டியில் குறை இல்லை என்றால் குறை யாரிடம்? அப்பாவைக் காப்பாற்றக் கொண்டுவந்த வண்டி அப்பாவுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. ஊரைக் கேட்டுச் சும்மா இருந்திருக்கலாம். வேலியில் போனதை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது போலாகிவிட்டது.

"வண்டியில ஒண்ணுமில்ல ஆத்தா" என்றார் மாயக்காளிடம்.

அவள் வண்டியின் தகட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எப்போதும் சொல்வதையே சொன்னாள். "எம் புருசனும் பொய் சொல்ல மாட்டாரு. எந் தம்பியும் பொய் சொல்ல மாட்டான்."

"போதும் ஆத்தா" என்று கத்திவிட்டு, வண்டியைக் கொட்டகைக்குள் விட்டுத் தார்ப்பாயைப் போட்டு மூடினார்.

வைகாசியில் மாங்காய் இறங்கியது. தோப்பைக் குத்தகைக்கு எடுத்த வியாபாரி பெட்டிகளை அடுக்கக் கொட்டகை வேண்டும் என்றான். "அந்தப் பொணத்தக் கீழ கொண்டுபோயி விடுங்க, வெரசா" என்றாள் சுருளியம்மாள். ஒரு காலைநேரம், பழைய சோறு குடித்த கையோடு, ஜக்கையன் வண்டியை எடுத்தார். தகட்டைத் தூக்கிக்கொண்டு, கீழ் கியரில், தோப்புச் சரிவில் இறங்கினார். பாதிச் சரிவில் வலது கைப் பக்கம் சுருளியம்மாளின் துணி துவைக்கிற சிமெண்டுத் தொட்டி. வண்டி லேசாக அந்தப் பக்கம் ஒதுங்குவது தெரிந்தது. இடது கம்பியை இழுத்தார். வண்டி வலது பக்கம் திரும்பியது. பதறிப்போய் இன்னும் பலமாக இழுத்தார். வண்டி இன்னும் நன்றாகத் திரும்பி நேரே தொட்டியில் ஏறியது. தொட்டி நொறுங்கி, ஊறப்போட்ட துணியெல்லாம் சங்கிலிக்குள் சுற்றிக்கொள்ள, இன்ஜின் முக்கி நின்றது.

சுருளியம்மாள் மேலேயிருந்து ஓடிவந்தாள். தண்ணீர் சரிவில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தொட்டியைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள்.

"ஏங்க, காலங்காத்தால குடிச்சிருக்கீகளா?"

"நான் எடது கம்பியத்தான் இழுத்தேன்" என்றார் ஜக்கையன்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. சுருளியம்மாளுக்கும் விழுந்தது. திறந்த வாயை அவள் மூடவில்லை. மேலே வீட்டின் பின்கதவில் மாயக்காள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இப்ப யாரு பேசுனது?" என்று கேட்டாள்.

ஜக்கையன் கம்பிகளைக் குனிந்து பார்த்தார். இழுத்தது இடதுதானா? அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. தன் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சோறு தின்கிற கை எது என்று யோசித்துத்தான் வலதைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. கீழே இறங்கி, சங்கிலியில் சுற்றியிருந்த துணியிலிருந்து ஒரு சிவப்புத் துண்டைக் கிழித்து இடது கம்பியில் கட்டினார். "சுருளி, நீ மேல நில்லு. நான் எந்தக் கம்பிய இழுக்குறேன்னு பாத்துச் சொல்லு."

வண்டியைப் பின்னால் ஏற்றி மறுபடி இறக்கினார். இழுத்தார்.

"செவப்புத்தான்" என்று கத்தினாள் சுருளியம்மாள்.

வண்டி வலது பக்கம் திரும்பியது. மூன்று தடவை செய்தார். மூன்று தடவையும் சிவப்பு, மூன்று தடவையும் வலது. அதே வண்டியைத் தட்டுத்தரைக்குக் கொண்டுபோனார். சிவப்பை இழுத்தால் இடது. சரிவுக்குக் கொண்டுவந்தார், வலது. "இதென்னங்க, பேய் பிடிச்ச வண்டியா?" என்றாள் அவள். ஜக்கையன் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். ஒரு மாமரத்தடியில் உட்கார்ந்து, இரண்டு மாங்கொட்டைகளைத் தரையில் வைத்து, சங்கிலிகள் மாதிரி நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பத்து மணி வெயில் முதுகில் ஏறும்வரை பார்த்தார்.

மெதுவாகத்தான் பிடிபட்டது. ஜீப்பு கீழ் கியரில் மலை இறங்கும்போது இன்ஜின்தானே பிடித்துப் பிடித்து இறக்குகிறது? இதுவும் அப்படித்தான். சரிவில் இரண்டு சங்கிலியையும் இன்ஜின் பிடித்துக்கொண்டிருக்கிறது. இடது கம்பியை இழுத்தால் இடது சங்கிலிக்குப் பிடி விட்டுப்போகிறது. தட்டுத்தரையில் பிடி விட்ட சங்கிலி நின்றுபோகும். வண்டி அந்தப் பக்கம் திரும்பும். சரிவில் பிடி விட்ட சங்கிலி நிற்காது, ஓடும். இடது பக்கம் முந்தி ஓடினால் மூக்கு வலது பக்கம்தானே திரும்பும்? கம்பியோடு சேர்த்து அந்தப் பக்கத்து பிரேக்கையும் மிதித்தால்தான் சொன்ன பேச்சுக் கேட்கும். மலையில் ஓட்டிப் பழகியவனுக்கு இது தெரிந்திருக்கும். கன்னையன் பழகியது ராசிங்காபுரத்துத் தரையில். அங்கே கம்பியே போதும், கால் வைக்கவேண்டிய தேவை வந்ததில்லை.

எழுந்து போய் கம்பியையும் பிரேக்கையும் சேர்த்துப் பார்த்தார். இடது பக்கம் திரும்பியது. ஐந்து மாதம் பெட்டிக்குள் தேடியது பெட்டிக்குள் இல்லவே இல்லை. ஜக்கையன் ஸ்டீயரிங் கம்பிகளின் மேல் தலையை வைத்து அழுதார். "நான் சொன்னேனே சுருளி, அசிங்கமா இருக்குன்னு சொன்னேனே" என்று அழுதார். சுருளியம்மாள் ஈரச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் ஜீப்பை எடுத்துக்கொண்டு ராசிங்காபுரம் போனார். பெரியகருப்பனுக்கு எழுபத்தைந்து நடக்கிறது. வாசலில், கக்கத்தில் ஊன்றுகிற கட்டைக் கம்பை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்து மூன்று வருசம் கழித்து மருமகன் வந்து மாங்கொட்டைக் கணக்குச் சொன்னால் யார்தான் கேட்பார்?

"கால எடுத்துட்டு இப்ப வித்த காட்ட வந்தியாக்கும்" என்றார்.

"ஒரே ஒருக்க வந்து பாரு மாமா. பாத்துட்டு என்னையச் செருப்பால அடி, வாங்கிக்கிர்றேன்."

பெரியகருப்பன் ஜீப்பை ஒரு தடவை பார்த்தார். பிறகு கம்பை ஊன்றி எழுந்தார்.

தோப்பில் அவரை வலது பக்கம், ஒரு தடித்த மாமரத்துக்குப் பின்னால் நிறுத்தினார் ஜக்கையன். வீட்டுப் பக்கம் பெரியகருப்பன் திரும்பியே பார்க்கவில்லை. பின்கதவில் மாயக்காள் நின்றிருந்தாள். சுருளியம்மாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி ஒதுங்குனதும் அன்னிக்கிக் கத்துன மாரியே கத்து மாமா. நீ சொல்றதத்தான் செய்வேன். செவப்புத் துணியப் பாரு" என்று சொல்லிவிட்டு ஜக்கையன் வண்டி ஏறினார்.

வண்டி இறங்கியது. மரத்துக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. "எடது! எடது!" கம்பியோடு சிவப்புத் துணி பின்னால் வந்தது. வண்டி மூக்கைத் திருப்பிக்கொண்டு மரத்தைப் பார்த்து வந்தது. பத்தடி தள்ளி இரண்டு பிரேக்கையும் மிதித்து நிறுத்தினார்.

"இன்னொருக்க" என்றார் பெரியகருப்பன்.

இன்னொரு தடவை செய்தார். அதற்கும் மேலே ஒரு தடவை. மூன்றாவது தடவை பெரியகருப்பன் கத்தவில்லை, துணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஜக்கையன் இறங்கி வந்தபோது அவர் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் கோபமும் இல்லை, நிம்மதியும் இல்லை. கூட்டத்தில் வழி தவறியவர் மாதிரி இருந்தது.

"அப்ப கன்னையன் குடிக்கல."

"குடிக்கல மாமா."

"எடதத்தான் இழுத்திருக்கான்."

"ஆமா."

"எடதுன்னு கத்துனது நாந்தான மாப்ளே." பெரியகருப்பன் கால் இல்லாமல் வேட்டி தொங்குகிற இடத்தைத் தடவிக்கொண்டார். "நான் சொன்னதத்தான் அவன் செஞ்சிருக்கான். நான் கத்தாம இருந்திருந்தா?"

 இந்த ஒரு கேள்வி ஜக்கையன் கணக்கில் இல்லை. அப்பாவை நிரபராதியாக்கினால் எல்லாம் நேராகிவிடும் என்றுதான் நினைத்திருந்தார். இப்போது இந்த மனுசர் தலையில் தூக்கிவைத்ததை எப்படி இறக்குவது? ஆமாம் என்பதா, இல்லை என்பதா?

"தெரியல மாமா" என்றார்.

"எனக்கும் தெரியல." பெரியகருப்பன் மூக்கைச் சிந்தினார். "இத்தன வருசம் வைய்யிறதுக்கு அவன் இருந்தான். இப்ப யார வைய்யிறது?"

மாங்காய்ப் பெட்டிகளை ஏற்ற வந்த லாரி ரோட்டில் ஹாரன் அடித்தது. பெரியகருப்பன் கையை நீட்டினார். ஜக்கையன் தூக்கி நிறுத்திக் கம்பைக் கொடுத்தார்.

"வீட்டுக்கு வா மாமா. ஆத்தா நிக்கிது."

"வெறுங்கையோடவா? வண்டிய எடு மாப்ளே. பஜார்ல சேலைக் கடை தெறந்திருப்பானா?"

"எதுக்கு மாமா?"

"நான் கோடி போடலேல்ல" என்றார் பெரியகருப்பன்.

ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால்தான் அவர் வீட்டுப் பக்கம் திரும்பினார். மாயக்காள் பின்கதவை விட்டு இரண்டு எட்டு முன்னால் வந்திருந்தாள்.

"அக்கா, செத்த இரு" என்று சத்தம் போட்டுச் சொன்னார். "இந்தா வந்துர்றேன்."

மாயக்காள் அப்படியே படியில் உட்கார்ந்தாள்.